நேப்பிள்ஸ் வழியும் திரியெஸ்தே வழியும்: இத்தாலிய நவீனத்துவத்தில் ஜெர்மானியத் தத்துவம்

நகைச்சுவை பற்றிச் சிசிலிய நாவலாசிரியரும் நாடகாசிரியருமான லூயிஜி பிரான்டெல்லோ எழுதிய ஆய்வு நூல் 1908-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தத்துவவாதியும் விமர்சகருமான பெனடெட்டோ குரோச்சே தமது 'லா கிரிட்டிக்கா' இதழில் அதற்கு மதிப்புரை எழுதினார். நூலை அவர் ஏற்கவில்லை. நகைச்சுவை என்பது அழகியலுக்குள் வரையறுக்கக்கூடிய வகைமையே அல்ல என்றும், சிந்தனையைக் கலைப் படைப்பின் உள்ளே கொண்டுபோய் வைப்பவர் இரண்டையும் குழப்புகிறார் என்றும் அவர் வாதிட்டார். 1920-ல் வந்த இரண்டாம் பதிப்பில் பிரான்டெல்லோ இதற்குச் சூடாகவே பதில் சொன்னார். 1935-ல், அதாவது பிரான்டெல்லோ நோபல் பரிசு பெற்றதற்கு மறு ஆண்டு, குரோச்சே மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார்: இவருடைய எழுத்தில் கலைக்கான சில தொடக்கங்கள் இருக்கின்றன, ஆனால் எங்கும் போய்ச் சேராத தத்துவ விசாரம் அவற்றின் கழுத்தை நெரித்துவிடுகிறது, ஆகவே இது கலையும் அல்ல, தத்துவமும் அல்ல என்பது அதன் சாரம்.

இந்தப் பூசலை இரு முன்கோபிகளின் சண்டையாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகலை இருபதாம் நூற்றாண்டு இத்தாலிக்கு மீட்டுக் கொடுத்தவர் குரோச்சே. நான் காணும் உலகம் எந்த அளவுக்கு என் மனத்தின் ஆக்கம் என்ற ஜெர்மானியக் கேள்வியை நாடக மேடையில் ஏற்றியவர் பிரான்டெல்லோ. ஒரே மூலத்திலிருந்து வந்த இருவர் ஒருவரையொருவர் அடையாளம் காண மறுத்தது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, ஜெர்மானியக் கருத்துமுதல்வாதம் (மெய்ம்மையின் அடிப்படை பொருளல்ல, மனமே என்னும் தத்துவம்) இத்தாலிக்குள் ஒரே வாசல் வழியாக நுழையவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நேப்பிள்ஸ் வழியாக வந்த ஹெகல் பல்கலைக்கழகங்களையும் விமர்சனத்தையும் பிடித்துக்கொண்டார். திரியெஸ்தே போன்ற எல்லை நகரங்களின் வழியாகவும், பான் நகரில் படித்துத் திரும்பிய ஒரு சிசிலிய இளைஞரின் வாசிப்பின் வழியாகவும் வந்த ஃபிக்டே, ஷோபன்ஹவர் முதலியோர் நாவலுக்குள்ளும் நாடகத்துக்குள்ளும் கசிந்தார்கள். இந்த இரண்டாம் வழியில் வந்த எழுத்தாளர்கள் கருத்துமுதல்வாதத்தின் கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் விடையைக் கைவிட்டவர்கள் என்பதே என் வாசிப்பு.

அந்தக் கேள்வியையும் விடையையும் சுருக்கமாகவேனும் சொல்லிவிட வேண்டும். காலம், இடம், காரண காரியம் ஆகியவை பொருள்களிடம் இருப்பவை அல்ல, அறியும் மனம் அவற்றின்மீது ஏற்றுபவை என்று காண்ட் நிறுவினார். எனவே நாம் அறிவது தோற்றங்களை மட்டுமே, தோற்றத்துக்கு அப்பால் பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பது நமக்கு எட்டாது. எட்டாத அந்த எச்சத்தை ஃபிக்டேயால் பொறுக்க முடியவில்லை. 'நான்' தன்னைத் தானே நிறுவிக்கொண்டு, தனக்கு எதிராக 'நான் அல்லாததை'யும் நிறுவுகிறது என்றார். இயற்கையும் மனமும் ஒன்றே என்பதைக் கலையில்தான் கண்ணால் காண முடிகிறது என்றார் ஷெல்லிங். ஹெகல் இவை அனைத்தையும் வரலாற்றுக்குள் கொண்டுவந்தார்: தன்னிலை தன்னை இழந்து, மற்றதில் தன்னைக் கண்டு, முரண்பாடுகளைக் கடந்து, இறுதியில் எல்லாத் தன்னிலைகளும் ஒன்றுபடும் முழுமுதல் ஆன்மாவாகத் தன்னை அறிந்துகொள்கிறது. விடை என்று நான் சொன்னது இந்த முழுமுதலைத்தான். ஷோபன்ஹவர் இந்தக் குடும்பத்தின் கலகக்காரப் பிள்ளை. உலகம் என் தோற்றமே என்ற காண்டின் பாடத்தை அவர் வைத்துக்கொண்டார். ஆனால் தோற்றத்தின் அடியில் அறிவார்ந்த ஆன்மா எதையும் காணாமல், இலக்கின்றித் தன்னையே தின்னும் குருட்டு விழைவைக் கண்டார். ஹெகலை அவர் வாழ்நாள் முழுவதும் வைதுகொண்டே இருந்தார் என்பது உண்மைதான். ஆனாலும் இத்தாலிய எழுத்தாளர்களின் மேசைமேல் இருவரின் நூல்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

நேப்பிள்ஸ் வழியின் முதல் பெயர் ஃபிரான்செஸ்கோ தெ சாங்திஸ். 1848 புரட்சியில் பங்குகொண்டதன் விளைவாக 1850 டிசம்பரில் கைதான அவர், 1853 வரை நேப்பிள்ஸ் கடலோரத்துக் காஸ்தெல் தெல்லோவோ கோட்டைச் சிறையில் இருந்தார். அங்கேதான் ஜெர்மன் மொழியைத் தாமாகவே கற்றுக்கொண்டு, கதேயின் 'ஃபாவுஸ்ட்' நாடகத்தின் பகுதிகளை மொழிபெயர்த்து, ஹெகலின் தர்க்கவியலையும் படித்தார். பிறகு நாடு கடத்தப்பட்டு, சூரிக் நகரின் தொழில்நுட்பக் கல்விநிலையத்தில் 1856 முதல் 1860 வரை இத்தாலிய இலக்கியம் கற்பித்தார். ஒன்றுபட்ட இத்தாலியின் கல்வி அமைச்சராகவும் ஆனார். 1870-71-ல் வெளிவந்த அவருடைய இத்தாலிய இலக்கிய வரலாறு ஹெகலின் பிள்ளை என்பது பார்த்தவுடனே தெரியும்: ஒரு தேசத்தின் மனசாட்சி தன்னை இழந்து, மீண்டும் கண்டடையும் கதையாக இலக்கியத்தை அது சொல்கிறது. ஆனால் கலையைக் கருத்தின் மேலாடையாகப் பார்க்கும் ஹெகலிய வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. கருத்து வடிவத்துக்குள் முழுவதும் கரைந்துபோகும்போதுதான் கலை பிறக்கிறது என்ற அவருடைய வலியுறுத்தலே பிற்பாடு குரோச்சேவின் அடித்தளமாயிற்று.

ஷோபன்ஹவரை இத்தாலியக் கவி லெயோபார்தியோடு ஒப்பிட்டு, இரண்டு குரல்களின் உரையாடலாக 1858-ல் ஒரு கட்டுரை எழுதியவரும் இதே தெ சாங்திஸ்தான். ஹெகலியராகிய இவர் ஷோபன்ஹவரைச் சற்றுக் கேலியோடுதான் கையாண்டார். ஆனால் கட்டுரையைப் படித்த ஷோபன்ஹவரோ, தம்மை இவ்வளவு நன்றாக உள்வாங்கியவர் உண்டா என்று மகிழ்ந்துபோனார். லெயோபார்தி முன்னேற்றத்தை நம்பவில்லை, ஆனால் படிப்பவரை முன்னேற்றத்துக்கு ஏங்க வைக்கிறார் என்ற தெ சாங்திஸின் முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இத்தாலியில் ஷோபன்ஹவர் பெயர் பரவ வழிசெய்தவர்களில் முன்னவர் ஒரு ஹெகலியர் என்பதை, இரண்டு வழிகளும் சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

இன்னொரு பெயர் பெர்த்ராந்தோ ஸ்பாவெந்தா. ஜெர்மானியத் தத்துவம் அந்நியச் சரக்கு அல்ல, இத்தாலியத் தத்துவவாதிகளான புரூனோவும் கம்பனெல்லாவும் மறுமலர்ச்சிக் காலத்தில் தொடங்கி வைத்ததே ஜெர்மனிக்குப் போய் முதிர்ந்து திரும்பி வந்திருக்கிறது என்று அவர் 1860-களின் தொடக்கத்தில் தம் விரிவுரைகளில் வாதாடினார். புதிதாகப் பிறந்த ஒரு நாட்டுக்கு இந்தக் கதை எவ்வளவு வசதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தம்பி சில்வியோ ஸ்பாவெந்தா அரசியல்வாதி. குரோச்சேவின் தந்தைக்கு உறவினர். 1883 ஜூலை 28 அன்று இஸ்கியா தீவின் காஸமிச்சோலாவில் நேர்ந்த நிலநடுக்கத்தில் பெற்றோரையும் சகோதரியையும் இழந்து, தாமும் பல மணிநேரம் இடிபாடுகளில் புதைந்து கிடந்து மீண்ட பதினேழு வயதுக் குரோச்சே, ரோமில் இந்தச் சில்வியோவின் வீட்டில்தான் அடைக்கலம் புகுந்தார். தத்துவம் அவருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தது எனலாம்.

குரோச்சேவின் 'அழகியல்' 1902-ல் வந்தது. 1903 ஜனவரியில் தத்துவவாதி ஜொவான்னி ஜெண்டிலேயுடன் சேர்ந்து 'லா கிரிட்டிக்கா'வைத் தொடங்கினார். ஹெகலின் தத்துவத்தில் உயிரோடிருப்பது எது, இறந்துபோனது எது என்று தலைப்பிலேயே கேட்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1907-ல் வெளியாயிற்று. அதே ஆண்டு ஹெகலின் 'கலைக்களஞ்சிய'த்தை அவரே இத்தாலிய மொழியில் மொழிபெயர்த்தும் வெளியிட்டார். அந்த நூலின் வாதம் இலக்கியத்தை நேரடியாகத் தொடுகிறது. எதிரெதிர்களின் ஒருங்கிணைவு ஹெகலின் அழியாத கண்டுபிடிப்பு என்று குரோச்சே ஒப்புக்கொள்கிறார். ஆனால் கலையும் தத்துவமும் எதிர்கள் அல்ல, வேறுபட்டவை மட்டுமே. வேறுபட்டவற்றை எதிர்களாகக் கருதியதால்தான் கலை தன் இடத்தைத் தத்துவத்துக்கு விட்டுக் கொடுத்து மறைய வேண்டியது என்ற தவறான முடிவுக்கு ஹெகல் வந்தார் என்கிறார். கலை உள்ளுணர்வு; தத்துவம் கருத்தாக்கம். முன்னதற்குப் பின்னது தேவையில்லை. 1908-ல் ஹைடல்பர்க் நகரில் கூடிய உலகத் தத்துவ மாநாட்டில் அவர் இன்னும் ஓரடி முன்னே சென்று, தூய உள்ளுணர்வு எப்போதும் உணர்ச்சிப் பாடலின் இயல்புடையது என்றார்.

இந்தக் கோட்பாடு ஒரு தலைமுறைக்கு விடுதலையாகவும் விலங்காகவும் இருந்தது. பிழைப்புக்குப் புள்ளிவிவரம் சேர்க்கும் நேர்காட்சிவாத விமர்சனத்திலிருந்தும், பள்ளிக்கூட அணியிலக்கணத்திலிருந்தும், கலைக்கு ஒழுக்கப் பாடம் நடத்துவோரிடமிருந்தும் அது எழுத்தாளரை மீட்டது. புளோரன்ஸ் நகரில் 1908 டிசம்பரில் ஜுசெப்பே பிரெட்சோலினி தொடங்கிய 'லா வோச்சே' இதழின் இளைஞர்கள் பலர் குரோச்சேவிடம் படித்தே வளர்ந்தார்கள். அந்த இதழின் கடைசிக் கட்டத்தில் செழித்த துண்டு எழுத்து என்ற வகைக்குள், கதையும் கட்டுமானமும் இல்லாத ஒரு கணத்தின் உணர்ச்சிச் செறிவே கவிதை என்ற எண்ணத்தைக் குரோச்சேவின் ஹைடல்பர்க் பேச்சின் எதிரொலியாகவே கேட்க முடியும். மறுபுறம், ஒரு படைப்புக்குள் சிந்திப்பதற்கு அந்தக் கோட்பாடு இடம் வைக்கவில்லை. 1921-ல் தாந்தேயின் மாகாவியத்தையே அவர் 'கட்டமைப்பு' என்றும் 'கவிதை' என்றும் பிரித்து, இறையியலை முன்னதில் தள்ளினார். தாந்தேவுக்கே இந்தக் கதி என்றால், பக்கத்துக்குப் பக்கம் தர்க்கம் பேசும் ஒரு சிசிலிய நாடகாசிரியர் தப்பிக்க வழியே இல்லை. ஜொவான்னி பப்பீனி போன்ற புளோரன்ஸ்காரர்கள் குரோச்சேவை எதிர்த்து எழுப்பிய கூச்சலும் உண்டு: 'லெயோனார்தோ' இதழில் ஜெர்மானியக் கவி நொவாலிஸிடமிருந்து கடன் வாங்கிய மாய மந்திரக் கருத்துமுதல்வாதம், மனிதன் கடவுளாகிவிட வேண்டும் என்ற பேராசை, 1906-ல் காண்ட் முதல் நீட்சே வரை எல்லாரையும் கொளுத்திப் போட்ட ஒரு நூல். சத்தத்தைக் கழித்தால் இவற்றில் மிஞ்சுவது குறைவு என்பதால் மேலே செல்லலாம்.

பிரான்டெல்லோ 1889-ல் பான் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, தம் ஊரான ஜிர்ஜென்தியின் பேச்சுவழக்கின் ஒலியமைப்பைப் பற்றி 1891-ல் ஜெர்மன் மொழியிலேயே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவர். கதேயின் ரோமானியக் கவிதைகளை மொழிபெயர்த்தவர். நகைச்சுவை பற்றிய அவருடைய நூலில் ஜெர்மானியப் பெயர்கள் நிரம்பியிருக்கின்றன. குறிப்பாக ஜெர்மானிய விமர்சகர் ஃபிரெட்ரிக் ஷ்லேகெலின் முரண்நகையை ஃபிக்டேயின் 'நா'னோடு இணைத்து அவர் பேசும் பகுதி முக்கியமானது: 'நான்' ஒன்றே உண்மை என்றானபின், அந்த 'நான்' தான் படைத்த உலகத்தைப் பார்த்துத் தானே புன்னகைக்கலாம், எழுத்தாளன் தன் படைப்பிலிருந்து எப்போதும் ஓரடி விலகி நிற்கலாம். இந்த முரண்நகையைப் பொறுப்பற்றது என்று ஹெகல் தாக்கினார். பிரான்டெல்லோவும் அதை அப்படியே ஏற்கவில்லை. அவருக்கு வேண்டியது விலகி நிற்கும் புன்னகை அல்ல, நெருங்கியபின் வரும் வலி.

அவர் தரும் எடுத்துக்காட்டு எல்லாருக்கும் தெரிந்தது. தலைமயிருக்குச் சாயம் பூசி, முகத்தில் அப்பிக்கொண்டு, இளம்பெண்ணைப்போல் உடுத்தி வரும் ஒரு கிழவியைப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது. மதிப்புக்குரிய ஒரு முதியவள் எப்படி இருக்க வேண்டுமோ அதற்கு நேர்மாறாக இவள் இருக்கிறாள் என்று புலப்படுவதே கேலி. பிறகு சிந்தனை குறுக்கிடுகிறது: இந்தக் கோலத்தில் அவளுக்கே மகிழ்ச்சி இல்லாமல் இருக்கலாம்; தன்னைவிட மிக இளைய கணவனின் அன்பைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தன்னையே ஏமாற்றிக்கொண்டு இப்படிச் செய்கிறாளோ என்று தோன்றுகிறது. சிரிப்பு அடங்கிவிடுகிறது. நேர்மாறானது வெறுமனே புலப்படுவதிலிருந்து நேர்மாறானதை உணர்வதற்கு நகர்ந்துவிட்டோம். நகைச்சுவை என்பது இதுவே. இங்கே சிந்தனை படைப்பை முடித்தபின் வந்து தீர்ப்பு சொல்லவில்லை, படைப்பின் உள்ளே புகுந்து ஒவ்வொரு உணர்ச்சியையும் பிரித்துப் போடுகிறது. குரோச்சேவின் அழகியலில் இதற்கு இடமே இல்லை. ஒரு நிலை தன் மறுப்பைத் தானே பெற்றெடுக்கும் ஹெகலிய இயக்கத்துக்கு, குரோச்சேவின் தூய உள்ளுணர்வைவிட இந்தக் கிழவி நெருக்கமானவள். ஆனால் மறுப்புக்குப் பின் வர வேண்டிய உயர்ந்த ஒருமை இங்கே வரவில்லை. சிரிப்பும் இரக்கமும் ஒன்றையொன்று ரத்து செய்தபடி அப்படியே நிற்கின்றன.

1904-ல் வந்த மத்தியா பாஸ்கல் நாவலில் இதன் தத்துவ முகம் வெளிப்படையாகவே தெரிகிறது. பாஸ்கல் தங்கியிருக்கும் ரோம் வீட்டின் உரிமையாளர் அன்செல்மோ பலேயாரி, அமானுஷ்யத்தில் ஈடுபாடு கொண்ட ஓய்வுபெற்ற மனிதர். ஒவ்வொருவரிடமும் வாழ்வுணர்வு என்ற சிறு விளக்கு இருக்கிறது, அது தன்னைச் சுற்றி ஒரு வட்ட வெளிச்சம் போடுகிறது, அதற்கு அப்பால் பயங்கரமான இருட்டு. ஆனால் விளக்கு எரியாவிட்டால் அந்த இருட்டே இருக்காது என்கிறார் அவர். 'நான்' தன் எல்லையையும் தானே உண்டாக்குகிறது என்ற ஃபிக்டேயின் பாடம் வாடகைவீட்டுப் பேச்சாக இறங்கி வந்திருக்கிறது. உண்மை, அறம், அழகு என்று ஒரு காலம் முழுவதும் சேர்ந்து ஏற்றி வைக்கும் பெரிய வண்ண விளக்குகளும் உண்டு என்று அவர் தொடர்கிறார். காற்று ஒன்று வீசி அவற்றை அணைத்துவிட்டால் எல்லாரும் இருட்டில் முட்டி மோதுகிறார்கள். ஹெகலின் காலங்களின் ஆன்மா இங்கே ஊதி அணைக்கக்கூடிய பொருளாகிவிட்டது.

1921 மே மாதம் ரோமின் வல்லே அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது 'பைத்தியக்கார விடுதி' என்று பார்வையாளர்கள் கூச்சலிட்ட, ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்களின் நாடகத்தில், தந்தை என்ற பாத்திரம் சொல்லும் குறை ஒன்றுதான்: நான் பேசும் சொல்லில் என்னுள் இருக்கும் உலகத்தின் பொருளை வைக்கிறேன், கேட்பவர் தம் உலகத்தின் பொருளோடு அதை எடுத்துக்கொள்கிறார், பிறகு ஒருவரையொருவர் புரிந்துகொள்வது எப்படி? இதைவிடக் கூர்மையாக இதே கேள்வியை வளர்ப்பது 1926-ல் நூலாக வந்த, ஒருவன் எவனுமில்லாமலும் ஒரு லட்சம் பேராகவும் ஆகும் நாவல். விட்டாஞ்சலோ மோஸ்கார்தாவிடம் அவன் மனைவி, உங்கள் மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று போகிற போக்கில் சொல்கிறாள். இத்தனை ஆண்டுகள் அவனுக்கு இது தெரியாது. தனக்குத் தெரியாத மூக்கோடு தன்னை மற்றவர்கள் பார்த்துவந்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் பார்த்தது யாரை? ஒரு தன்னுணர்வு இன்னொரு தன்னுணர்வால் அங்கீகரிக்கப்படும்போதே முழுமையடைகிறது என்பது ஹெகலின் 'ஆன்மாவின் தோற்றவியல்' நூலின் புகழ்பெற்ற வாதம். மோஸ்கார்தாவுக்கு எல்லாரும் தாராளமாகவே அங்கீகாரம் தருகிறார்கள். ஆளுக்கொரு மோஸ்கார்தாவை அங்கீகரிக்கிறார்கள், அவர்களில் ஒருவனும் இவனல்ல. கதை முடிவில் அவன் தன் பெயரையே விட்டுவிட்டு, தன் பணத்தில் கட்டிய ஏழையர் விடுதியில், கணத்துக்குக் கணம் மரமாகவும் மேகமாகவும் வாழ்கிறான்.

வாழ்வு ஓயாத ஓட்டம், வடிவம் அதை உறைய வைக்கும் கூடு என்ற சூத்திரத்தை 1920-களின் தொடக்கத்தில் பிரான்டெல்லோவுக்கு வழங்கியவர் விமர்சகர் அட்ரியானோ தில்கெர். அவர் அதை ஜெர்மானியச் சிந்தனையாளர் ஜியோர்க் ஸிம்மெலிடமிருந்து எடுத்திருந்தார். பிரான்டெல்லோ முதலில் நன்றியோடு அதை ஏற்று, பிறகு அதன் சிறைக்குள் அகப்பட்டுக்கொண்டதாக உணர்ந்து விலகினார். அந்தச் சூத்திரம் எடுபட்டதற்கு இன்னொரு காரணம், அதைக் கேட்கக் காதுகள் தயாராக இருந்தன என்பது. பிரான்டெல்லோவைப் போலவே சிசிலிக்காரரான ஜெண்டிலே, 1916-ல் வெளியிட்ட தூய செயல் கோட்பாட்டில், சிந்தித்துக்கொண்டிருக்கும் சிந்தனை ஒன்றே மெய், சிந்தித்து முடிக்கப்பட்டவை அனைத்தும் அதன் உறைந்த எச்சங்கள் என்று சொல்லியிருந்தார். ஜெண்டிலேயிடம் அந்தச் செயல் எல்லாருக்கும் பொதுவான ஒரே ஆன்மாவின் செயல். பிரான்டெல்லோவின் மேடையில் ஒவ்வொரு தலைக்குள்ளும் தனித்தனியாக அது நடக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது முழு வேறுபாடு.

இனித் திரியெஸ்தே. 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுகமாக இருந்த அந்த நகரில் ஜெர்மன் அயல்மொழி அல்ல, அலுவல் மொழி. 1861-ல் அங்கே யூத வணிகக் குடும்பத்தில் பிறந்த எத்தோரே ஷ்மிட்ஸ், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பவேரியாவில் மெயின் ஆற்றங்கரையிலுள்ள ஸெக்னிட்ஸ் ஊர் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஷில்லரையும் ழான் பாலையும் அங்கே படித்தார். ஷோபன்ஹவர் பிறகு அவருடைய விருப்பத் தத்துவவாதியானார். இத்தாலியும் ஜெர்மானியப் பகுதியான ஸ்வாபியாவும் சேர்ந்த 'இத்தாலோ ஸ்வேவோ' என்ற புனைபெயரில் அவர் எழுதினார். 1892-ல் வந்த முதல் நாவலின் நாயகன் வங்கி எழுத்தர் அல்ஃபோன்ஸோ நிட்டியை, மறுப்புக்கு மிக அருகில் நிற்கும் ஷோபன்ஹவரிய வாழ்வு ஏற்பின் உருவமாகவே படைத்ததாக ஸ்வேவோ பின்னாளில் தன்னைப் பற்றிய குறிப்பில் சொன்னார். நிட்டி நவீன உலகில் ஒழுக்கக் கருத்து என்றொரு தத்துவ நூல் எழுத முனைந்து, சில பக்கங்களோடு நின்றுபோகிறான்.

முதல் இரண்டு நாவல்களையும் எவரும் கவனிக்காததால் கால் நூற்றாண்டு மௌனம் காத்த ஸ்வேவோ 1923-ல் வெளியிட்ட 'ஸெனோவின் மனசாட்சி'யில் ஒரு காட்சி போதும். காப்பிக்கடையில் ஸெனோ கோஸினி தன் பழைய நண்பன் தூல்லியோவைச் சந்திக்கிறான். அவன் வாதநோயால் ஊன்றுகோலோடு நடப்பவன், தன் நோயைக் கரைத்துக் குடித்தவன். வேகமாக நடக்கும்போது ஓரடி எடுத்துவைக்க அரை வினாடிக்கு மேல் ஆகாது, அந்த அரை வினாடிக்குள் 54 தசைகள் அசைகின்றன என்று அவன் சொல்கிறான். ஸெனோவின் எண்ணம் உடனே தன் கால்களுக்குப் போகிறது. 54 தசைகளையும் அவனால் தனித்தனியே பிரித்தறிய முடியவில்லை. ஆனால் ஏதோ பிரம்மாண்டமான இயந்திரச் சிக்கல் ஒன்றைக் காலுக்குள் கண்டுவிட்டான், கவனம் போனதும் அது ஒழுங்கை இழந்துவிட்டது. கடையை விட்டு நொண்டிக்கொண்டே வெளியேறுகிறான். அன்றிலிருந்து, யாராவது தன் நடையைக் கவனிக்கிறார்கள் என்று தோன்றினாலே நொண்டல் திரும்பிவிடுகிறது.

கருத்துமுதல்வாதத்தின் மையச் செயலே மனம் தன்னைத் தனக்குப் பொருளாக்கிக்கொள்வதுதான். அதுவே விடுதலைக்குப் படி என்றார் ஹெகல். இயல்பாக, அறியாமல் செய்ததை அறிந்து செய்யத் தொடங்குகிறவன் உயர்ந்த நிலைக்கு ஏறுகிறான். ஸ்வேவோவின் நகைச்சுவை அந்தப் படியிலேயே காலை இடறுகிறது: அறிந்தவுடன் நடக்கத் தெரியாமல் போகிறது. ஸெனோவின் ஓயாத கடைசி சிகரெட்டுகளும் இந்த வகைதான். ஒவ்வொரு முறையும் தன் விழைவைத் தன் அறிவுக்கு முன்னால் நிறுத்தித் தீர்ப்பு எழுதுகிறான். தீர்ப்பு எழுதுவதே விழைவுக்குப் புதுச் சுவை சேர்க்கிறது. ஷோபன்ஹவர் விழைவை வெல்ல அறிவு உதவும் என்று நம்பினார், துறவு என்ற கதவைத் திறந்து வைத்தார். ஸ்வேவோ அந்தக் கதவையும் மூடிவிட்டு, அதை வைத்துச் சிரிக்கவும் செய்தார். பிராய்டை மட்டும் வைத்து இந்த நாவலைப் படிப்பவர்கள் இந்தப் பழைய அடுக்கைத் தவறவிடுகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

சிரிக்காத ஒருவரும் அந்த எல்லைப் பகுதியில் இருந்தார். 1887-ல் கொரிட்சியாவில் பிறந்து புளோரன்ஸில் படித்த கார்லோ மிக்கேல்ஸ்டெட்டர், பிளேட்டோவிலும் அரிஸ்டாட்டிலிலும் 'உறுதிப்பாடு', 'சொல்லலங்காரம்' ஆகிய கருத்துகளைப் பற்றி ஒரு பட்ட ஆய்வேடு எழுத உட்கார்ந்து, பல்கலைக்கழகம் எதிர்பார்த்ததற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தத்துவக் கவிதையை உரைநடையில் எழுதி முடித்தார். கொக்கியில் தொங்கும் ஒரு பாரத்தோடு அது தொடங்குகிறது. பாரம் கீழே போக விரும்புகிறது, தொங்குவதால் துன்புறுகிறது. சரி, அவிழ்த்துவிடலாம், விழும் ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கு இன்னும் கீழே உள்ள புள்ளி வேண்டியிருக்கிறது. எங்காவது நிறைவு பெற்று நின்றுவிட்டால் அது பாரமாகவே இருக்காது. தன் வாழ்வு தனக்கு இல்லாமையே அதன் வாழ்வு. இல்லாமை என்ற எதிர்மறை ஹெகலிடம் மேலே ஏற்றும் விசை. இங்கே அது வீழ்ச்சியின் பெயர். எழுதி முடித்த கையோடு, 1910 அக்டோபர் 17 அன்று, 23 வயதில் மிக்கேல்ஸ்டெட்டர் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். 1913-ல் நண்பர் ஒருவர் நூலை அச்சேற்றினார். அமைப்புகளாகக் கட்டப்பட்ட அறிவு முழுவதையும் சொல்லலங்காரம் என்று ஒதுக்கிய அந்தப் பக்கங்களைக் கருத்துமுதல்வாதத்துக்கு உள்ளிருந்து எழுதப்பட்ட கடுமையான வழக்கு என்றே நான் படிக்கிறேன்.

கவிஞர் யூஜெனியோ மொந்தாலேயின் முதல் தொகுப்பு 1925-ல் தூரினில் பியரோ கொபெத்தியின் பதிப்பாக வந்தது. அதில் 1923-ல் எழுதிய எட்டடிக் கவிதை ஒன்று இருக்கிறது. கண்ணாடிபோன்ற வறண்ட காற்றில் ஒரு காலை நடந்துபோகும்போது திரும்பிப் பார்க்கிறான் ஒருவன். முதுகுக்குப் பின்னால் வெறுமை, ஒன்றுமே இல்லை. குடிகாரனின் திகில் அவனைப் பற்றுகிறது. உடனே, திரை ஒன்றில் விழுவதுபோல, மரங்களும் வீடுகளும் குன்றுகளும் வழக்கமான ஏமாற்றுக்காக வந்து நிற்கின்றன. ஆனால் நேரம் கடந்துவிட்டது. திரும்பிப் பாராத மனிதர்களுக்கு நடுவே அவன் தன் இரகசியத்தோடு பேசாமல் போவான். பார்ப்பவன் இல்லாத இடத்தில் உலகம் இல்லை என்ற வாதத்தை இவ்வளவு குறைந்த சொற்களில், இவ்வளவு பீதியோடு யாரும் சொன்னதில்லை. தமிழ் வாசகருக்கு இங்கே மாயை என்ற சொல் நாவின் நுனியில் வரும். அது பொருந்தாத சொல்லும் அல்ல: முகலாய இளவரசர் தாரா ஷிகோவின் பாரசீக உபநிடதங்களை ஆங்க்தீல்-துய்பெரோன் லத்தீனில் பெயர்த்த பதிப்பே ஷோபன்ஹவரின் கைநூல், அதிலிருந்துதான் மாயையின் திரை ஐரோப்பிய இலக்கியத்துக்குள் பரவிற்று.

மொந்தாலே தம் தத்துவக் கடன்களைப் பற்றி 1946-ல் எழுதியபோது எச்சரிக்கையாகவே இருந்தார். ஜெண்டிலேயின் சிக்கலான தூய செயல் கோட்பாடு தமக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்றும், பின்னாளில் குரோச்சேவையே விரும்பியதாகவும், முதல் தொகுப்பின் ஆண்டுகளில் உண்மையில் தம்மீது செயல்பட்டவர் எமில் பூத்ரூ போன்ற பிரெஞ்சுத் தற்செயல்வாதிகளாக இருக்கலாம் என்றும் சொன்னார். 1925 ஏப்ரல் 21 அன்று பாசிச அறிவாளர்களுக்காக ஜெண்டிலே ஓர் அறிக்கை வெளியிட்டதும், மே 1 அன்று குரோச்சே அதற்கு எதிரறிக்கை வெளியிட்டதும் தெரிந்த வரலாறு. மொந்தாலே குரோச்சேவின் பக்கம் கையெழுத்திட்டார். பிரான்டெல்லோவும் கவிஞர் உங்காரெத்தியும் ஜெண்டிலேயின் பக்கம் நின்றார்கள். ஒரே ஹெகலைப் படித்த இருவர் இப்படிப் பிரிந்தார்கள் என்றாலும், இந்தக் கையெழுத்துகளை வைத்து யாருடைய கவிதையியலையும் ஊகிப்பது தவறு. குரோச்சேவின் அறிக்கையில் பெயர் எழுதிய மொந்தாலேயின் வகைக் கவிதைக்குக் குரோச்சேவின் ரசனையில் பெரிய இடம் இருக்கவில்லை. ஸ்வேவோவைப் பற்றி இத்தாலியில் முதன்முதலில் எடுத்துப் பேசியவர், அதே 1925-ன் இறுதியில், மொந்தாலேதான்.

தாக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது ஒரு தயக்கமும் தேவை. பிரான்டெல்லோவின் பிளவுபட்ட ஆளுமைகள் ஆல்பிரெட் பினே, கப்ரியேல் ஸெயாய் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் நூல்களுக்கு நிறையக் கடன்பட்டவை. அவர் பத்தி பத்தியாக எடுத்தாண்டிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இளம் வயதில் அவருடைய நாடகங்களுக்கு இதழ் விமர்சனம் எழுதிய மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி, பிற்பாடு சிறைக் குறிப்புகளில் இந்தச் சிக்கலுக்குத் திரும்பி வருகிறார். பிரான்டெல்லோவின் சிந்தனை நூல்களிலிருந்து வந்ததா, வாழ்ந்து பெற்ற பண்பாட்டு அனுபவத்திலிருந்து வந்ததா என்று அவர் கேட்கிறார். கத்தோலிக்க-அரிஸ்டாட்டிலிய மரபில், வெளியுலகம் நாம் காண்பதுபோலவே அசையாமல் இருக்கிறது என்று நம்பிப் பழகிய பார்வையாளர்களிடம், நவீன தத்துவத்தின் இயங்கியலைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும், எதிர்காலவாதிகளைவிட அதிகமாக இத்தாலியரின் குறுகிய ஊர்ப்புறத்தன்மையைக் கலைத்ததும் பிரான்டெல்லோவின் பணி என்பது கிராம்ஷியின் மதிப்பீடு. கூடவே ஒரு குறையையும் அவர் பதிவு செய்கிறார்: அந்த இயங்கியலை மேடையில் சுமப்பவர்கள் எப்போதும் விசித்திரப் பேர்வழிகளாக இருப்பதால், பொதுப் புத்திக்கு எதிராக யாரோ ஒரு கிறுக்கன் தர்க்கம் பேசுகிறான் என்று பார்வையாளர் அதை எளிதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடிகிறது.